ஆகரம் தேடுதலும் கணினிக் குறிப்பேடும்



பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களை அதிகரிப்பவருக்கு அர்த்தம் விளங்குவதற்கு முன்பே எதிர்ப்படும் பணி ஒன்று உண்டு. ஆசார்யர்கள் ஒரு வசனத்தை ப்ரமாணமாக எடுக்கும்போது பெரும்பாலும் அதன் முதல் இரண்டு மூன்று பதங்களைக் காட்டிவிட்டு மேலே செல்வர். எதிரே அமர்ந்து கேட்டவர்களுக்கு அவ்வளவே போதுமாயிருந்தது. ஸ்ரீராமாயணமும் ஸ்ரீவிஷ்ணுபுராணமும் அருளிச்செயலும் அவர்கள் நெஞ்சில் முழுதும் நிறைந்திருந்தமையால் முதல் பதத்தைக் கேட்டவுடனே மற்றவை தாமே தோன்றின. இன்று அந்நிலை இல்லை. ஆகையால் அந்த இரண்டு பதங்களைக் கொண்டு முழு வசனத்தையும், அது இருக்கும் க்ரந்தத்தையும், முன்பின் ப்ரகரணத்தையும் கண்டறிய வேண்டியிருக்கிறது. இதற்கே ஆகரம் தேடுதல் என்று பெயர்.

மணவாள மாமுனிகள் ஈட்டுக்கு ப்ரமாணத் திரட்டு அருளியது இந்தக் குறையைத் திருவுள்ளம் பற்றியே என்பதில் ஐயமில்லை. முப்பத்தாறாயிரப்படி என்றால் 36,000 க்ரந்தம்; க்ரந்தம் ஒன்றுக்கு 32 எழுத்தாகக் கணக்கிட்டால் பதினொன்றரை லக்ஷம் எழுத்துகளுக்கு மேலாகிறது. அவ்வளவு பரப்பில் சிதறிக் கிடக்கும் மேற்கோள்களை ஒருசேரத் திரட்டிக் கொடுப்பது ஓலைச்சுவடிக் காலத்தில் எத்தகைய உழைப்பு என்பதை, ஒரே ஒரு பதிகத்தின் வ்யாக்யானத்துக்கு ஆகரம் தேடிப் பார்த்தவரே அறிவர்.

மாமுனிகளின் திரட்டு எல்லோருக்கும் பொதுவாயிற்று. ஆனால் அதன்பின் ஒவ்வொரு வித்வானும் தமக்கென்று திரட்டிக்கொண்டவை அப்படி ஆகவில்லை. அச்சுப் புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் எழுதிய குறிப்புகள், பழைய தபால் உறைகளின் பின்புறத்தில் எழுதிப் பக்கங்களுக்கிடையே செருகிய சீட்டுகள், காலக்ஷேபத்தில் கேட்டதை அன்றிரவே எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்கள் என்று ஐம்பது அறுபது ஆண்டுகளில் சேர்ந்தவை ஒரு திருமாளிகையின் அலமாரி நிறைய இருக்கும். எந்தச் சீட்டு எந்தச் சீட்டோடு சேரும் என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அவர் திருநாடு அலங்கரித்தபின், வீட்டை ஒழிக்கும் நாளில், புத்தகங்கள் ஒருவேளை ஒரு நூலகத்தை அடையலாம்; சீட்டுகள் பழைய காகிதக் கடைக்கே போகின்றன. இப்படி எத்தனை ஆகரங்கள் கண்டுபிடிக்கப்பட்டு மறுபடியும் காணாமற்போயின என்பதற்குக் கணக்கில்லை. கணினியைக் கொண்டு குறிப்புகளைத் திரட்டுவதையும் கோப்பதையும் வைஷ்ணவ வித்வான்கள் ஒரு வேடிக்கையாக எண்ணாமல் விசாரிக்க வேண்டியதற்கு இதுவே முதற்காரணம்.

மூல நூல்கள் இணையத்தில் கிடைக்கும் இடங்களைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் பொதுக் களஞ்சியத்தில் க்ரந்த லிபியிலும் தெலுங்கு லிபியிலும் அச்சான பழைய வ்யாக்யானப் பதிப்புகளின் படிமங்கள் உள்ளன. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிரெட்டில் என்னும் தொகுப்பில் ஸம்ஸ்க்ருத மூலங்கள் ரோமன் எழுத்தில் தட்டெழுதப்பட்டுத் தேடத்தக்க வடிவில் இருக்கின்றன. 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும் திவ்யப்ரபந்தம் உள்ளது. இவற்றிலிருந்து எடுப்பது எளிது. எடுத்ததை எங்கே வைத்தோம், எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தோம் என்று ஆறு மாதத்துக்குப் பின் சொல்வதுதான் அரிது.

இதற்கென்றே அமைந்த மென்பொருள் ஜோடீரோ. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் சரித்ர ஆராய்ச்சியாளர்களால் 2006இல் வெளியிடப்பட்டது, விலையில்லாதது. படித்துக்கொண்டிருக்கும் நூலின் விவரங்களை, அதாவது ஆசிரியர், பதிப்பித்தவர், ஊர், ஆண்டு முதலியவற்றை, ஒரு சொடுக்கில் எடுத்துப் பதிந்துகொள்ளும். நூலின் படிமத்தையும் அதனோடு சேர்த்து வைக்கும். இணையப் பக்கமாயின் அது அன்று இருந்தபடியே ஒரு நகலையும், பார்த்த தேதியையும் காத்து வைக்கும். பின்பு கட்டுரை எழுதும்போது அடிக்குறிப்புகளை அதுவே அமைத்துக் கொடுக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இம்மென்பொருள் மேல்நாட்டார் பெயர் வழக்கை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது. ஆசிரியர் பெயரை இரண்டாகப் பிரித்து, பிற்பகுதியைக் குடும்பப் பெயராகக் கொள்ளும். கவனியாமல் விட்டால் நூற்பட்டியலில் பெரியவாச்சான் பிள்ளையும், வடக்குத் திருவீதிப் பிள்ளையும், திருக்குருகைப்பிரான் பிள்ளானும் ஒரே குடும்பத்துச் சகோதரர்களைப்போல் ‘பிள்ளை’, ‘பிள்ளான்’ என்ற தலைப்பில் அடுத்தடுத்து நிற்பர். மணவாள மாமுனிகள் ‘மாமுனிகள், மணவாள’ என்று தலைகீழாக எழுந்தருளியிருப்பார். பெயரை ஒரே கட்டத்தில் எழுதும் ஏற்பாடு அம்மென்பொருளிலேயே இருக்கிறது. முதல் நாளிலேயே அதைச் செய்துகொள்வது நல்லது. ஆயிரம் பதிவுகள் சேர்ந்தபின் ஒவ்வொன்றாகத் திருத்துவது பெரும் ப்ரயாஸம்.

திரட்டுதல் இவ்வளவே. கோத்தல் வேறு. ஜெர்மானிய ஸமூகவியல் அறிஞர் நிக்லாஸ் லூமான் (1927–1998) என்பவர் ஏறக்குறைய 90,000 சீட்டுகளை மரப்பெட்டிகளில் வைத்திருந்தார். ஒரு சீட்டில் ஒரு கருத்து. ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண். ஒரு சீட்டின் கருத்து கிளைத்தால் கிளைச் சீட்டுக்கு அந்த எண்ணோடு ஓர் எழுத்து. ஒன்றைப் பார்க்கும்போது நினைவுக்கு வரும் மற்றொன்றின் எண்ணை அதிலேயே குறித்துவிடுவது. பொருளடைவாகப் பிரித்து அடுக்காமல், தொடர்பை மட்டுமே நம்பிச் செய்த ஏற்பாடு இது. அவர் எழுதிய நூல்களின் பெருக்கத்துக்கு இந்தப் பெட்டிகளே காரணம் என்று அவரே சொல்லிக்கொள்வார். அப்பெட்டிகள் இப்போது பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சீட்டுகள் கணினியில் ஏற்றப்பட்டு வருகின்றன. நம் பெரியோர்கள் தபால் உறையின் பின்புறத்தில் எழுதியதற்கும் இதற்கும் உள்ள வாசி அந்த எண் ஒன்றுதான்.

இந்த முறையைக் கணினியில் செய்து தருபவற்றில் ஒப்ஸிடியன் என்பது 2020இல் வெளிவந்தது. ஒவ்வொரு குறிப்பும் ஒரு தனிக் கோப்பு. ஒரு குறிப்பின் நடுவே மற்றொரு குறிப்பின் தலைப்பை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் இரண்டும் இணைந்துவிடும். அதோடு, இணைக்கப்பட்ட குறிப்பைத் திறந்தாலும் தன்னை யார் யார் எங்கெங்கே எடுத்தார்கள் என்பதை அது காட்டும். வ்யாக்யான ஆராய்ச்சிக்கு மிகவும் உபகாரமானது இந்தப் பின்னோக்கிய தொடர்பேயாகும்.

விபீஷண சரணாகதிக் கட்டத்தில் பெருமாள் அருளிய அபய ஸ்லோகத்தை உதாரணமாகக் கொள்ளலாம். அதற்கென்று ஒரு குறிப்பு. அதில் மூலமும், இருக்குமிடமும், பாடபேதமும் மட்டும். பெரியவாச்சான் பிள்ளையின் தனிஸ்லோக வ்யாக்யானத்தைப் படிக்கும்போது அதற்கொரு குறிப்பு எழுதி முன்னதோடு இணைக்கலாம். அவரே அருளிய அபயப்ரதானஸாரம் மற்றொன்று. வேதாந்த தேசிகனும் அதே திருநாமத்தில் ஒரு ப்ரபந்தம் அருளியிருக்கிறார். அது தனியே ஒன்று. தலைப்பு ஒன்றாயிருப்பதால் இவ்விரண்டும் மயங்காதபடி ஆசார்யர் திருநாமத்தைத் தலைப்பிலேயே சேர்க்க வேண்டும். கோவிந்தராஜீயம் வேறொன்று. ஈட்டிலும், முமுக்ஷுப்படி, ஸ்ரீவசனபூஷண வ்யாக்யானங்களிலும், ரஹஸ்யத்ரயஸாரத்திலும் இந்த ஸ்லோகம் எதிர்ப்படும் தோறும் இணைத்துக்கொண்டே வந்தால், சில ஆண்டுகளில் அபய ஸ்லோகக் குறிப்பைத் திறந்தவுடன் அதை எந்த ஆசார்யர் எந்தப் பாசுரத்தில் எந்த அர்த்தத்துக்கு ஸாதகமாக எடுத்தார் என்பது முழுதும் ஓரிடத்தில் நிற்கும். ஒருவர் சரணாகதியின் எளிமைக்கு எடுத்ததை மற்றொருவர் ரக்ஷகனுடைய ஸங்கல்பத்தின் உறுதிக்கு எடுத்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

இதே ஸ்லோகம் ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. தென்னாட்டுப் பதிப்புகளில் இது யுத்தகாண்டம் 18ஆம் ஸர்க்கத்தில் 33ஆம் ஸ்லோகம். பரோடா ஆராய்ச்சிப் பதிப்பில் 12ஆம் ஸர்க்கத்தில் 20ஆம் ஸ்லோகம். கிரெட்டிலில் உள்ள மூலம் பரோடா பதிப்பைத் தழுவியது. ஆகவே அங்கே 18ஆம் ஸர்க்கத்தைத் திறந்து பார்த்து, ‘ஸ்லோகம் காணப்படவில்லை’ என்று முடிவுகட்டுவது பிழை. வேறு சில இடங்களில், நம் ஆசார்யர்கள் எடுத்த பாடமே பரோடா பதிப்பில் அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்டிருக்கும். தேடலில் அகப்படவில்லை என்பதால் ஆசார்யர் எடுத்த வசனம் மூலத்தில் இல்லை என்று ஆகாது. அவர் திருவுள்ளத்தில் இருந்த கோசத்தின் பாடம் எது என்பதே கேள்வி. எனவே குறிப்பில் எண்ணை எழுதுமிடத்திலெல்லாம் பதிப்பின் பெயரும் இருக்க வேண்டும்.

எழுத்தைப் பற்றிய இடர்கள் இன்னும் ஆழமானவை. இவற்றை அறியாமையால்தான் பலர் கணினித் தேடலை நம்பிக் கெடுகின்றனர். ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தையே எடுத்துக்கொள்ளலாம். கணினியில் அதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஸகர மெய்யோடு ரீகாரம் சேர்த்து எழுதுவது ஒன்று. 2005இல் ஶகரம் ஒருங்குறியில் சேர்ந்தபின் ஶகர மெய்யோடு ரீகாரம் சேர்த்து எழுதுவது மற்றொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு. ஒரு விதத்தில் தட்டெழுதிய ஸ்ரீவசனபூஷணத்தை மற்றொரு விதத்தில் தேடினால், கண்ணெதிரே இருப்பதையே ‘இல்லை’ என்று சொல்லும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டெழுதிவிடுவோர் பலர். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஔதார்யமும் கௌஸ்துபமும் தேடலில் அகப்படாமற்போவதற்கு இதுவே காரணம்.

மணிப்ரவாளத்தில் இதற்கு மேலும் ஒரு துன்பம். ஒரே சொல்லை வ்யாக்யானம் என்றும், வ்யாக்யாநம் என்றும், வியாக்கியானம் என்றும் பதிப்பாளர்கள் தத்தம் கொள்கைக்கு ஏற்ப அச்சிட்டுள்ளனர். எம்பெருமானார் திருநாமமே ராமாநுஜர், ராமானுஜர், இராமாநுசர் என்று மூன்று வகையில் வருகிறது. ந, ன இரண்டில் எது வந்தாலும் எடுத்துக்கொடு என்று கணினிக்குக் கட்டளையிடும் குறியீட்டு முறை உண்டு. இரண்டு எழுத்தையும் ஒரு சதுர அடைப்புக்குள் எழுதினால் போதும். ஒப்ஸிடியனும் வேறு பல மென்பொருள்களும் இதை ஏற்கின்றன. கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் ஆகும். கற்றபின் பல மாதங்கள் மிச்சப்படும். ஆனால் தமிழ் லிபியில் வர்க்க எழுத்து இல்லாமையால் வரும் மயக்கத்துக்கு இந்த உபாயமும் உதவாது. ‘பலம்’ என்று தேடினால் வலிமையும் வரும், ப்ரயோஜனமும் வரும். ‘பாவம்’ என்று தேடினால் கழிய வேண்டிய வினையும், ரஸிகர் போற்றும் மனோபாவமும் ஒருசேர வந்து நிற்கும். க்ரந்த லிபிக்கு 2014இல் ஒருங்குறியில் இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் அதில் தட்டெழுதப்பட்ட வ்யாக்யானங்கள் மிகச் சொற்பம். இப்போதைக்கு, தம் குறிப்பேட்டில் முக்கியமான ஸம்ஸ்க்ருத பதங்களைத் தேவநாகரியிலும் ஒருமுறை எழுதி வைப்பதே ஆராய்பவருக்குப் போக்கு.

அச்சுப் படிமத்தைக் கணினி தானே படித்து எழுத்தாக்கும் வசதியும் இப்போது தமிழுக்கு உண்டு. புதிய அச்சில் நன்றாகவே படிக்கும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய றா, னை, லை போன்றவற்றின் பழைய வடிவங்களிலும், தமிழும் க்ரந்தமும் கலந்த வரிகளிலும் தடுமாறும். துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் படிப்பது அதன் நித்ய வழக்கம். அப்படி எடுத்ததைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மேற்கோளாக எடுக்கும்போது படிமத்தைப் பார்த்தே எழுத வேண்டும்.

இங்கு ஒரு சங்கை எழும். ஆசார்ய முகமாகக் கேட்டு அறிய வேண்டிய அர்த்தங்களை இயந்திரத்தில் தேடி அறிவது ஸம்ப்ரதாயத்துக்குச் சேருமோ என்னில், தேடுவது வசனத்தின் இருப்பிடத்தையே அன்றி அதன் தாத்பர்யத்தை அன்று. இருப்பிடம் அறிவதற்கு ஓலையைப் புரட்டுவதும் திரையைப் புரட்டுவதும் ஒன்றே. ஓராண் வழியாக உபதேசிக்கப்பட்ட ஈடு எல்லோர் கையிலும் அச்சுப் புத்தகமாக வந்த நாளிலேயே இந்தக் கேள்விக்கு ஒருவாறு பரிஹாரம் சொல்லியாயிற்று. ஆனால் சங்கை முழுதும் தவறு என்று தள்ளவும் முடியாது. காலக்ஷேபம் கேட்டவன் ஒரு வாக்யத்தை அதன் அவதாரிகையோடும் ப்ரகரணத்தோடும் அறிவான். தேடி எடுத்தவனுக்கோ அந்த ஒரு வரி மட்டும் கையில் இருக்கும். பூர்வபக்ஷமாக எடுத்துக் கண்டித்த வாக்யத்தை ஆசார்யரின் ஸித்தாந்தமாகவே மேற்கோள் காட்டும் கட்டுரைகள் இப்போது பெருகியிருப்பதற்கு இதுவே காரணம். ஒரு வரி அகப்பட்டால் அதற்கு முன் ஒரு பக்கமும் பின் ஒரு பக்கமும் படிக்காமல் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை என்ற நியமம் வேண்டும். குறிப்பிலும், ‘கேட்டது’, ‘நூலில் கண்டது’, ‘தேடலில் அகப்பட்டது, இன்னும் சரிபார்க்கவில்லை’ என்று மூன்றில் ஒன்றை அடையாளமாக இடலாம். ஜோடீரோ, ஒப்ஸிடியன் இரண்டிலும் இத்தகைய அடையாளங்கள் இடுவது எளிது.

கேட்டவுடன் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களைப் பற்றி இதைவிடக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஓர் அர்த்தத்துக்கு ப்ரமாணம் கேட்டால், இல்லாத ஸ்லோகத்தைச் சந்தஸ்ஸும் கெடாமல் இயற்றி, அத்யாயமும் எண்ணும் இட்டுக் கொடுத்துவிடும். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதற்கில்லை. மெய் என்ற எண்ணமும் இல்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரத்தகும் என்ற அனுமானமே அதன் தொழில். ஆகரம் தெரியாத வசனங்கள் வ்யாக்யானங்களில் முன்பே பல உள்ளன. அவற்றை ஆசார்யர் எடுத்தார் என்ற கௌரவம் காக்கிறது. இயந்திரம் கற்பித்த வசனம் ஒன்று ஒரு கட்டுரையில் ஏறி, அதிலிருந்து மற்றொன்றில் ஏறினால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஆகரம் தேடுபவன் எதைக் கொண்டு இரண்டையும் பிரிப்பான்? இவ்வியந்திரம் சொன்னதை மூலத்தில் கண்ணால் கண்டபின் அன்றி ஒரு சீட்டிலும் எழுதலாகாது.

இனிக் காத்தல். நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியின் கோசத்தை நல்லெழுத்தில் பட்டோலை கொள்ளும்படி நம்பூர் வரதராஜர் கையில் கொடுக்க, அவர் ஊருக்குப் போகும் வழியில் காவேரி வெள்ளத்தில் அது போயிற்று என்று குருபரம்பரை கூறும். வரதராஜர் தாம் கேட்டிருந்தபடியே முழுதும் எழுதி, சில இடங்களில் இன்னும் சிறந்த அர்த்தங்களும் கூட்டி ஸமர்ப்பிக்க, ஜீயர் உகந்து ‘நம் பிள்ளை’ என்று தழுவிக்கொண்டார். ஒரு ப்ரதி மட்டும் இருந்தது, அது போயிற்று, மீட்டவர் நம்பிள்ளை. வெள்ளத்தில் போன மற்றவற்றை மீட்பதற்கு அத்தகையவர் கிடைக்கவில்லை. பெரியவாச்சான் பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி மறைந்து, அந்தப் பகுதிக்கு மாமுனிகள் மறுபடியும் அருள வேண்டியதாயிற்று.

கணினியில் வெள்ளம் வேறு வடிவில் வரும். வட்டு ஒருநாள் அறிவிப்பின்றி நின்றுவிடும். சந்தா கட்டும் நிறுவனம் மூடிவிடும். மென்பொருள் பழையதாகி, அதன் கோப்பை வேறொன்றால் திறக்க முடியாமற்போகும். தமிழில் ஒருங்குறிக்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு குறிமுறையாக இருந்த காலத்தில் தட்டெழுதிய எத்தனையோ நூல்கள் இன்று படிக்க முடியாத குறிகளாய்க் கிடப்பதை அச்சகத்தார் அறிவர். ஒப்ஸிடியன் போன்றவற்றை இங்கு விசேஷித்துச் சொன்னதும் இதனாலேயே: அதன் குறிப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகளாகச் சொந்தக் கணினியிலேயே இருக்கும், அந்த மென்பொருளே மறைந்தாலும் எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். முப்பத்தாறாயிரப்படி முழுதும் எழுத்து வடிவில் ஏறக்குறைய இரண்டு மூன்று நிழற்படங்களின் இடத்தையே கொள்ளும் என்பதால் ப்ரதிகள் வைப்பதற்கு இடம் ஒரு தடையன்று. ஒரு ப்ரதி வீட்டுக் கணினியில், ஒன்று தனி வட்டில், ஒன்று வேறூரில் உள்ள அந்தரங்க சிஷ்யரிடம் என்று மூன்று இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை, ஏகாதசி போன்ற மறவாத ஒரு நாளில் புதுப்பித்துக்கொள்ளலாம்.

அந்தச் சிஷ்யரிடம் கொடுப்பதோடு, கணினியின் கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழுதி, குறிப்பேட்டில் தாம் இடும் அடையாளங்களுக்கு அர்த்தம் இன்னது என்று அதே காகிதத்தில் விவரித்து, திருவாராதனப் பெட்டியிலோ வீட்டுப் பத்திரங்களோடோ வைக்க வேண்டும். இதைச் செய்யாதவருடைய குறிப்புகள் பழைய காகிதக் கடைக்குக்கூடப் போவதில்லை. பூட்டிய கணினிக்குள்ளேயே நின்றுவிடுகின்றன.